இடுப்பு முறிந்தால் எந்த ‘இரும்பு’? கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டிய முழு வழிகாட்டி

“மிஸ்ஸி அக்கா, அம்மாவுக்கு இரும்பு வைக்கணுமாம். எது நல்ல இரும்பு, சொல்லுங்க.”

மாதத்துக்கு ஒரு தடவையாவது இந்த ஃபோன் எனக்கு வந்துவிடும். இரும்பு என்றால், முறிந்த இடுப்பில் டாக்டர் வைக்கும் ஸ்குரூ, பிளேட், ஆணி, செயற்கை மூட்டு எல்லாம்தான். மலேசியாவின் பேராக்கில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டில் 20 வருஷத்துக்கு மேல் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்து, ஓய்வு பெற்று, இப்போது சுங்கை சிப்புட்டில் வீட்டோடு இருக்கிறேன். ஆனாலும் தோட்டத்துச் சனம் என்னை விடுவதாக இல்லை. ஃபோன் செய்கிற நேரத்தில் பெரும்பாலும் கட்டிலைச் சுற்றி ஒரு சண்டையே நடந்துகொண்டிருக்கும். மூத்தவர் டைட்டானியம்தான் வேண்டும் என்பார், பினாங்கில் இருக்கும் மருமகன் முழு மூட்டையே மாற்றிவிடலாம் என்பார், மாமா வந்து இந்த வயதில் எதற்குக் கத்தி என்பார். கையெழுத்துப் போட வேண்டிய சம்மதப் படிவம் அப்படியே கிடக்கும். ஆபரேஷன் பட்டியலில் அன்றைய இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும்.

இது டாக்டருக்குப் பதிலாக நான் முடிவு சொல்வதற்காக எழுதியதல்ல. டாக்டர் ஐந்து நிமிடம் பேசுவாரே, அந்த ஐந்து நிமிடத்தில் அவர் சொல்வது புரியவும், சரியான கேள்வியைக் கேட்கவும்தான். நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: “டாக்டர், இதை வைத்தால் அம்மா நாளைக்குக் காலை ஊன்றி நிற்கலாமா?” எந்த இரும்பாக இருந்தாலும் நான் இதை வைத்துத்தான் அளப்பேன்.

விழுந்த இடத்திலேயே

நிறையப் பேர் விழுவது பாத்ரூமில். 40 வருஷம் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் ரப்பர் காட்டில் பால் வாளி தூக்கி நடந்தபோது விழாத பாட்டி, ஈரமான டைல்ஸில் வழுக்கி விழுவார். விழுந்தவர் எழ முடியவில்லை, இடுப்புமடிப்பில் வலிக்கிறது என்கிறார், ஒரு கால் குட்டையாகவும் பாதம் வெளிப்பக்கம் சாய்ந்தும் தெரிகிறது என்றால் முறிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு எலும்பு விலகாமல் விரிசல் மட்டும் விட்டிருக்கும், அவர் நொண்டிக்கொண்டு நடக்கவும் செய்வார், எக்ஸ்ரேயில்கூட முதலில் தெரியாமல் போகலாம். வலி போகவில்லை என்றால் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

காலை இழுத்து நேராக்கக் கூடாது. எண்ணெய் போட்டு உருவக் கூடாது. சீன வைத்தியரின் சின்சே கடைக்கும் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. அசையாத முறிவை உருவி உருவி விலக வைத்துக் கூட்டிவந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பது கீழே படிக்கும்போது புரியும். கால்களுக்கு நடுவில் தலையணை வையுங்கள், போர்வை போர்த்துங்கள், 999 கூப்பிடுங்கள். எங்கள் ஊரிலிருந்து ஈப்போவுக்கு 30 கிலோமீட்டர்போல. சொந்தக் காரின் பின் சீட்டில் மடக்கி உட்கார வைத்துக் கொண்டுபோவதை விட ஆம்புலன்ஸுக்குக் காத்திருப்பதே மேல்.

சாப்பிடுகிற மருந்துகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ரத்தத்தை இளக்கும் மருந்து, வார்ஃபரின் மாதிரி, இருந்தால் முதல் வேலையாகச் சொல்லுங்கள். ஆபரேஷன் எந்த நாளில் நடக்கும் என்பதே அதைப் பொறுத்து மாறும். அவசரப் பிரிவில் “வலி மரத்துப் போகிற ஊசி இடுப்பில் போடுவீர்களா” என்றும் கேளுங்கள். நரம்புக்குப் பக்கத்தில் போடும் ஊசி அது. சும்மா வலி மாத்திரையை விட அது நன்றாக அடக்கும், பெரியவர்களுக்குத் தலைசுற்றலும் குறைவு.

எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லுங்கள்

இந்த விஷயத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து. அது இடுப்பெலும்பில் இருக்கும் கிண்ணத்துக்குள் உருளுகிறது. பந்துக்குக் கீழே ஒல்லியான கழுத்து, அதற்குக் கீழே பெரிய மேடும் சின்ன மேடும், அப்புறம் நீளமான தண்டு. பந்தையும் கழுத்தையும் சுற்றி ஒரு உறை இருக்கிறது. கழுத்தில் முறிந்தால் அது உறைக்கு உள்ளே, மேட்டில் முறிந்தால் உறைக்கு வெளியே. டாக்டர் ‘நெக்’ என்றால் கழுத்து, ‘இன்டர்ட்ரோக்’ என்றால் இரண்டு மேட்டுக்கும் நடுவே, ‘சப்ட்ரோக்’ என்றால் சின்ன மேட்டுக்குக் கீழே.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால் ரத்தத்தினால். பழைய லயத்து வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குழாய் முதல் வீட்டில் தொடங்கி வரிசையாகப் போய்க் கடைசி வீட்டில் முடியும், நடுவில் குழாய் உடைந்தால் கடைசி வீட்டுக்காரருக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. பந்துதான் அந்தக் கடைசி வீடு. அதற்குப் போகும் ரத்தக் குழாய்களில் பெரும்பாலானவை கீழிருந்து கழுத்தை ஒட்டியே ஏறிப் போகின்றன. கழுத்து முறிந்து விலகினால் குழாயும் கிழிந்துவிடலாம். அப்புறம் எவ்வளவு அழகாக ஸ்குரூ போட்டாலும் எலும்பு ஒட்டாமல் போகலாம், ஒட்டினாலும் பந்து ரத்தமில்லாமல் செத்துச் சப்பையாகலாம். மேட்டுப் பகுதி அப்படியில்லை, அங்கே சதை நிறைய, ரத்தமும் தாராளம், நிலையாகப் பிடித்து வைத்தால் பெரும்பாலும் ஒட்டிவிடும்.

ஆக டாக்டரிடம் கேட்க வேண்டியது இரண்டு. எங்கே முறிந்தது? விலகியிருக்கிறதா, இல்லையா? கழுத்து முறிவைக் கார்டன் என்ற பிரிட்டன் டாக்டர் 1961இல் நான்கு வகையாகப் பிரித்தார். ஒன்றும் இரண்டும் விலகாதவை, மூன்றும் நான்கும் விலகியவை. வார்டுக் குறிப்பில் ‘கார்டன் 3’ என்று எழுதியிருந்தால் விலகிவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள். உருவி உருவி விலக வைத்த நஷ்டம் என்று மேலே சொன்னேனே, அது இதுதான். மூன்று ஸ்குரூவில் முடிய வேண்டியதை மூட்டு மாற்றத்துக்குத் தள்ளிவிடுகிறோம்.

விழுவதற்கு முந்தின நாள் எப்படி இருந்தார்?

டாக்டர் இதையும் கேட்பார், இதற்கு உண்மையான பதிலைச் சொல்வது குடும்பத்தின் வேலை. கோயிலுக்குத் தனியாக நடந்து போவாரா, வீட்டுக்குள் சுவரைப் பிடித்துத்தான் நடப்பாரா, படுத்த படுக்கையா? பிள்ளைகளின் பெயர் ஞாபகம் இருக்கிறதா? இதயம், சிறுநீரகம், மூச்சு எப்படி? பெருமைக்காக “எங்க அப்பா இன்னும் மோட்டார் ஓட்டுறார்” என்று கூட்டிச் சொல்லாதீர்கள், வயதாகிவிட்டதே என்று குறைத்தும் சொல்லாதீர்கள். 82 வயதில் தினமும் பசாருக்கு நடந்து போகிறவரும் 68 வயதில் வாசலைத் தாண்டாதவரும் ஒன்றல்ல, இருவருக்கும் வைக்கிற இரும்பும் ஒன்றல்ல.

சரி, இப்போது இரும்புகளுக்கு வருவோம். மலாய்க்கார மிஸ்ஸிகள் எல்லாவற்றையும் ‘மாசோக் பெசி’ (இரும்பு வைப்பது) என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள், அதனால்தான் நம் ஆட்களும் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள்.

கழுத்து முறிந்து, விலகவில்லை என்றால்

வழக்கமாக மூன்று ஸ்குரூ. நடுவில் துளையுள்ள நீண்ட ஸ்குரூக்கள், தொடையின் வெளிப்பக்கத்தில் சின்னக் கீறல் போட்டு, கழுத்து வழியாகப் பந்துக்குள் செலுத்துவார்கள். ரத்தப்போக்கு கொஞ்சம்தான், நேரமும் அதிகம் ஆகாது, சொந்தப் பந்து சொந்தமாகவே இருக்கும். குறை என்னவென்றால் எலும்பு ஒட்டுவதை நம்பித்தான் எல்லாம். ஒட்டவில்லை என்றால் மறுபடி கத்தி.

ஸ்குரூவுக்குப் பதிலாக டிஎச்எஸ் என்ற வழுக்கு ஸ்குரூவையும் (பிளேட்டோடு வருவது, கீழே விவரமாகச் சொல்கிறேன்) இங்கே வைக்கலாம். இந்த இரண்டையும் 50 வயதுக்கு மேற்பட்ட 1,108 பேரிடம் ஒப்பிட்ட ஃபெய்த் என்ற ஆய்வு 2017இல் வெளிவந்தது. இரண்டு வருடத்துக்குள் மறு ஆபரேஷன் தேவைப்பட்டது வழுக்கு ஸ்குரூவில் 20 சதவீதம், சாதாரண ஸ்குரூக்களில் 22 சதவீதம். கிட்டத்தட்ட சமம்தான். ஆனால் பந்து செத்துப்போவது வழுக்கு ஸ்குரூவில் 9 சதவீதம், மற்றதில் 5. இன்னொரு பக்கம் சிகரெட் பிடிப்பவர்களுக்கும், கழுத்தின் அடிப்பகுதியில் முறிந்தவர்களுக்கும் வழுக்கு ஸ்குரூ கைகொடுத்தது போலத் தெரிந்தது. அப்பா சுருட்டோ சிகரெட்டோ பிடிப்பவர் என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள், அதற்காக டாக்டர் திட்டினாலும் பரவாயில்லை.

இளம் வயதுக்காரர்கள் கதை தனி. செம்பனைக் குலை வெட்டும் 35 வயது ஆள் மோட்டாரில் விழுந்து கழுத்து முறிந்து வந்தால், விலகியிருந்தாலும்கூட, பந்தைக் காப்பாற்றத்தான் டாக்டர் பாடுபடுவார், அதுவும் அவசரமாக. செயற்கை மூட்டுக்கு ஆயுள் உண்டு, அவருக்கோ இன்னும் 40 வருஷம் நடக்க வேண்டும். வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ விழுந்ததென்றால் தொழிலாளர் காப்புறுதியான சொக்சோவில் உடனே பதிந்துவிடுங்கள், அந்தப் பயண விபத்தும் அதில் அடங்கும்.

கழுத்து முறிந்து, விலகிவிட்டது என்றால்

பெரியவர்களுக்கு இங்கே ஒட்டவைப்பதில் பிரயோஜனம் குறைவு. பந்தை எடுத்துவிட்டு, எலும்புக்குள் இறங்கும் தண்டோடு கூடிய உலோகப் பந்து வைப்பதுதான் வழி. பாதி மூட்டு, முழு மூட்டு என இரண்டு வகை. பாதி என்றால் பந்து மட்டும் மாறும், கிண்ணம் சொந்தக் கிண்ணம். முழு என்றால் கிண்ணத்துக்குள்ளும் ஒரு செயற்கைக் கிண்ணம் வைப்பார்கள்.

முழு மூட்டுதான் உசத்தி என்று பினாங்கு மருமகன் சொன்னாரே, அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் அவர் நினைக்கிற அளவு இல்லை. ஹெல்த் என்ற ஆய்வு 2019இல் வந்தது. 50 வயதுக்கு மேல், விழுமுன் பிறர் துணையில்லாமல் நடந்தவர்கள் 1,495 பேர். இரண்டு வருடத்தில் இடுப்பில் மறுபடி கை வைக்க வேண்டி வந்தது முழு மூட்டில் 7.9 சதவீதம், பாதி மூட்டில் 8.3. நடப்பதிலும் வலியிலும் முழு மூட்டு கொஞ்சம் மேல், அந்தக் ‘கொஞ்சம்’ உண்மையிலேயே கொஞ்சம்தான். மூட்டு நழுவுவதும் நிலையில்லாமல் ஆடுவதும் முழு மூட்டில் 4.7, பாதியில் 2.4. அதோடு முழு மூட்டுக்கு நேரமும் கூடும், ரத்தமும் கூடும், நன்றாகப் பழகிய கையும் வேண்டும். என் கணக்குப்படி, தனியாக வெளியே போய்வருகிற, புத்தி தெளிவாக இருக்கிற, உடம்பு தாங்குகிற, இன்னும் பத்து வருஷம் ஓடியாடப் போகிறவருக்கு, அல்லது கிண்ணத்தில் ஏற்கனவே தேய்மானம் இருப்பவருக்கு, முழு மூட்டைக் கேட்டுப் பார்க்கலாம். வீட்டோடு இருக்கும் பாட்டிக்குப் பாதி மூட்டு போதும், குறைவாகச் செய்துவிட்டோமே என்று பிள்ளைகள் மனம் வருந்த வேண்டியதில்லை.

பாதி மூட்டிலும் ரகம் உண்டு. ஆஸ்டின் மூர் என்பது பழைய வடிவம், 1950களிலிருந்து இருக்கிறது, சிமெண்ட் இல்லாமல் எலும்புக்குள் அடித்து இறக்குவது, விலை மலிவு. தாம்சன் அதே காலத்தது. பைபோலார் என்பது பந்துக்குள் பந்து. கேட்க நன்றாக இருக்கும், விலையும் கூடும், ஆனால் பெரியவர்களுக்கு ஒற்றைப் பந்தை விட அதிகம் நடக்க வைத்ததாகச் சொல்லும்படி ஒன்றும் பெரிதாக இல்லை. பைபோலாருக்குப் பணம் சேர்க்க மூன்று நாள் ஓடுவதை விட இருக்கிற பந்தை நாளைக்கே வைப்பது நல்லது என்பேன். மூர், தாம்சன் விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை: பிரிட்டனின் தேசிய வழிகாட்டல் இந்த இரண்டு தண்டுகளையும் விட்டுவிட்டு, நன்கு சோதித்து நிலைத்த புதிய வடிவங்களை வைக்கச் சொல்கிறது. வேறு தண்டு இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பில்லை.

பந்தின் வகையை விட எனக்குப் பெரிதாகப் படுவது சிமெண்ட். பல்லுக்கு வைக்கிற மாதிரியான ஒரு பசை, தண்டைச் சுற்றி ஊற்றினால் சில நிமிடத்தில் இறுகிவிடும். ‘சிமெண்ட் வேண்டாம், இயற்கையாகவே பிடிக்கட்டும்’ என்று குடும்பங்கள் சொல்வதுண்டு. வயதான எலும்பு உளுத்த பலகை மாதிரி, சிமெண்ட் இல்லாமல் தண்டை இறுக்கி அடித்தால் எலும்பே பிளந்துவிடலாம். 2022இல் பிரிட்டனிலிருந்து வந்த ஆய்வில், 60 வயதுக்கு மேற்பட்ட 1,225 பேரில், தண்டைச் சுற்றி எலும்பு முறிவது சிமெண்ட் வைத்தவர்களுக்கு 0.5 சதவீதம், வைக்காதவர்களுக்கு 2.1. நான்காவது மாதத்தில் சிமெண்ட் வைத்தவர்கள் வாழ்க்கைத்தரத்திலும் கொஞ்சம் முன்னே இருந்தார்கள். ஒரு ஆபத்து உண்டு. சிமெண்ட்டை அழுத்தும் நேரத்தில் சிலருக்கு ரத்த அழுத்தம் திடீரென்று விழும், இதயமும் நுரையீரலும் பலவீனமானவர்களுக்கு அது உயிருக்கே வரலாம். மயக்க மருந்து டாக்டர் அந்த நேரத்தில் கண்கொட்டாமல் நிற்பது அதற்காகத்தான். அப்பாவுக்கு இதயக் கோளாறு இருந்தால் சிமெண்ட் பற்றி அவரிடமே கேளுங்கள்.

மேட்டில் முறிந்தால்

இங்கே இரண்டு இரும்புதான் போட்டி. டிஎச்எஸ் எனும் வழுக்கு ஸ்குரூ, அல்லது ஆணி.

டிஎச்எஸ் என்பது தொடையின் வெளிப்பக்கம் ஒட்டிய ஒரு பிளேட், அதன் மேல்முனையில் ஒரு குழல், குழலுக்குள் பந்து வரை போகிற தடித்த ஸ்குரூ. இரண்டுக்கும் இடையே கோணம் வழக்கமாக 135 டிகிரி. காலை ஊன்றும்போது ஸ்குரூ குழலுக்குள் கொஞ்சம் வழுக்கி இறங்கும், முறிந்த முனைகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு ஒட்டும். அதாவது நடக்க நடக்க இறுகும் இரும்பு இது. பல வருஷப் பழைய சரக்கு, விலை குறைவு, ஆர்த்தோ டாக்டர்கள் எல்லாருக்கும் கைப்பழக்கம்.

ஆணி எலும்பின் நடுக்குழாய்க்குள் மேலிருந்து இறங்கும், அதன் குறுக்கே ஒரு ஸ்குரூவோ முறுக்கிய தகடோ பந்துக்குள் போகும். பிஎஃப்என்ஏ, காமா என்று வார்டில் கேட்கும் பெயர்கள் இவைதான். பிஎஃப்என்ஏவில் ஆசிய உடம்பின் எலும்பு அளவுக்கென்றே இரண்டாவது வடிவம் வந்திருக்கிறது. ஐந்தடிகூட இல்லாத நம் பாட்டிகளுக்கு அது தேவைதான். கீறல் சின்னது, விலை பெரிது.

புதுசு, விலை அதிகம், அதனால் ஆணிதான் நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முறிவு இரண்டு மூன்று துண்டாக, வெளிச்சுவர் (பெரிய மேட்டுக்குக் கீழே தொடை எலும்பின் வெளிப்பக்கம்) உடையாமல் நிலையாக இருந்தால் டிஎச்எஸ் அதே வேலையைச் செய்கிறது. பிரிட்டன் வழிகாட்டலும் இந்த வகைக்கு அதைத்தான் முதலில் சொல்கிறது. 2023இல் வந்த 850 பேர் ஆய்விலும் ஒரு வருடம் கழித்து வாழ்க்கைத்தரத்தில் ஆணிக்கும் டிஎச்எஸ்ஸுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் வெளிச்சுவர் மெலிந்தோ உடைந்தோ இருந்தால், முறிவுக்கோடு தலைகீழாகச் சாய்ந்திருந்தால், சின்ன மேட்டுக்குக் கீழே தண்டில் இறங்கியிருந்தால், அப்போது ஆணிதான். அந்த இடத்தில் டிஎச்எஸ் வைத்தால் ஸ்குரூ வழுக்கிக்கொண்டே போகும், கால் குட்டையாகும், கடைசியில் பிளேட் பிய்த்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்த ஒரு தாத்தாவுக்கு, எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம், அப்படியொரு தலைகீழ்ச் சாய்வு முறிவுக்கு டிஎச்எஸ் வைத்து, மூன்றாம் மாதம் பிய்ந்து, மறுபடி ஆணி போட்டார்கள். அவருடைய மகன் இன்னமும் விலை குறைந்த இரும்பு வாங்கியதால்தான் என்று தன்னையே நொந்துகொள்கிறார். விலையில் குறையில்லை, அது அந்த முறிவுக்கான இரும்பில்லை, அவ்வளவுதான். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது: “வெளிச்சுவர் நன்றாக இருக்கிறதா டாக்டர்?”

எலும்பு மெலிவதற்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிடும் சிலருக்குச் சின்ன அடியிலேயே தண்டின் மேல்பகுதி குச்சி மாதிரி குறுக்கே முறியும், அதற்குப் பல வாரம் முன்பே தொடை வலித்திருக்கும். அதற்கு நீள ஆணி போடுவார்கள். மறக்காமல் அடுத்த தொடையையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், அங்கேயும் விரிசல் காத்திருக்கலாம்.

இரும்பை விட அது உட்கார்ந்த இடம்

டிஎச்எஸ்ஸோ ஆணியோ, ஸ்குரூவின் நுனி பந்தின் உச்சிக்கு எவ்வளவு பக்கத்தில், எவ்வளவு நடுவில் போய் நிற்கிறது என்பது பெரிய விஷயம். அதற்கு ஓர் அளவு இருக்கிறது. முன்பக்க, பக்கவாட்டு எக்ஸ்ரே இரண்டிலும் நுனியிலிருந்து உச்சி வரை அளந்து கூட்டுவார்கள். 1995இல் பாம்கார்ட்னரும் அவர் கூட்டாளிகளும் வெளியிட்ட கணக்கில், கூட்டுத்தொகை 25 மில்லிமீட்டரோ அதற்குக் கீழோ இருந்த 120 ஸ்குரூக்களில் ஒன்றுகூடப் பந்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரேயைக் காட்டி, “நுனி அளவு 25க்குள் இருக்கிறதா” என்று கேட்டுப் பாருங்கள். இளம் டாக்டராக இருந்தால் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

டைட்டானியமா ஸ்டீலா என்று கேட்பவர்களுக்கு: கழுத்தும் மேடும் ஒட்டுவதில் அது முடிவு செய்யும் விஷயமில்லை. அந்தக் கவலையை விட்டுவிடுங்கள்.

எப்போது செய்ய வேண்டும், செய்யாமல் விட்டால் என்ன

விழுந்த அன்று அல்லது மறுநாள், அதுதான் நல்ல கணக்கு. 2020இல் வெளியான 2,970 பேர் ஆய்வு, 6 மணி நேரத்துக்குள் செய்யப் பார்ப்பதையும் வழக்கமான வேகத்தில், சுமார் 24 மணி நேரத்தில், செய்வதையும் ஒப்பிட்டது. இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் சீக்கிரம் செய்தவர்களுக்குப் புத்தி தடுமாறுவது குறைந்தது, சீக்கிரம் எழுந்தும் நின்றார்கள். புத்தித் தடுமாற்றம் என்றால், ராத்திரியில் பாட்டி சுவரோடு பேசுவார், செத்துப்போன தங்கையைக் கூப்பிடுவார். காத்து கருப்பு என்று பூசாரியைத் தேடாதீர்கள். மூக்குக் கண்ணாடியையும் பல்செட்டையும் கொண்டுவந்து கொடுங்கள், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும்.

மாமா சொல்வது போல ஆபரேஷன் வேண்டாம் என்றால், முன்காலத்தில் செய்தது போல வாரக்கணக்கில் காலில் எடை கட்டிப் படுக்க வேண்டும். படுக்கைப்புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டி எல்லாம் வரிசையில் வரும். கடைசி நாட்களில் இருப்பவருக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டரும் குடும்பமும் சேர்ந்து முடிவெடுப்பதுண்டு, அது வேறு, அப்போது வலியை அடக்குவதுதான் வைத்தியம். மற்றவர்களுக்கு வயது 90 என்பது மட்டும் காரணமாகாது. படுத்தால் மூச்சு போகும், நின்றால் பிழைப்பார் என்று நான் கறாராகவே சொல்வேன்.

காசு

அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்றாம் வகுப்பு வார்டுக் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை, இரும்புக்குத்தான் சில சமயம் குடும்பத்திடம் விலைத்தாள் நீட்டுவார்கள். அந்தத் தாளைப் பார்த்ததும் நகையை அடகு வைக்க ஓட வேண்டாம். முதலில் ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் ஜாபாத்தான் கெர்ஜா சோஷியல் பெருபாத்தான் (மருத்துவச் சமூகநலப் பிரிவு) அறைக்குப் போங்கள். குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் எஸ்டிஆர் உதவி பெறுபவரும் அவர் கணவரோ மனைவியோ 40 வயதைத் தாண்டியிருந்தால் 2019இல் தொடங்கிய பெக்கா பி40 சுகாதார உதவித் திட்டத்தில் வருவார்கள். மூட்டு மாற்று உறுப்பு போன்ற கருவிகளுக்கு அதில் 20,000 வெள்ளி வரை உதவி உண்டு. உங்களுக்குச் சொன்ன இரும்பு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். அடையாள அட்டை நகல், சம்பளச் சீட்டு, எஸ்டிஆர் விவரம் எல்லாவற்றையும் முதல் நாளே கையில் வைத்துக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். தனியார் ஆஸ்பத்திரி என்றால் இரும்பின் பெயர், அளவு, விலை தனித்தனியாக எழுதிய கணக்கை வாங்குங்கள்.

மறுநாள்

பாதி மூட்டு, முழு மூட்டு, டிஎச்எஸ், ஆணி, எதுவாக இருந்தாலும் பெரியவர்களைப் பொதுவாக மறுநாளே நிற்க வைத்துவிடுவார்கள், தாங்குகிற அளவு எடையை ஊன்றலாம். ‘ஊன்றக் கூடாது’ என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள், காரணம் இருக்கும், ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும். “பாவம், வலிக்குது, நாளைக்கு நடக்கட்டும்” என்று பிசியோவைத் திருப்பி அனுப்புகிற பாசமான மகள்களிடம் நான் சண்டை போட்டே ஓய்வு பெற்றேன்.

மூட்டு மாற்றியவர்களுக்கு நம் வீடுகளில் ஒரு தொல்லை உண்டு. பின்பக்கமாக வெட்டி வைத்த மூட்டு என்றால் முதல் சில வாரம் இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, காலைப் பின்னிப் போடக் கூடாது. குந்தி உட்காரும் கக்கூஸ், தரையில் சப்பணமிட்டுச் சாப்பிடுவது, கோயிலில் பஜனைக்குத் தரையில் உட்காருவது எல்லாம் அந்த நாட்களில் கூடாது. பாட்டி வீட்டுக்கு வருமுன்னே கமோட் நாற்காலி வாங்கி வையுங்கள், பாத்ரூமில் பிடிக்கக் கம்பி அடியுங்கள், தாழ்ந்த பிளாஸ்டிக் ஸ்டூலைக் கண்ணில் படாமல் எடுத்துவிடுங்கள். காயத்தில் சீழ், காய்ச்சல், கெண்டைக்கால் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், கால் திடீரென்று குட்டையானது போலத் தெரிவது, இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

எலும்பு ஒட்டிவிட்டது, கதை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஒரு பக்கம் முறிந்தவருக்கு மறுபக்கமும் முறியலாம். எலும்பை வலுப்படுத்த வருடத்துக்கு ஒரு தடவை போடும் சோலெட்ரானிக் ஊசியை இடுப்பு முறிந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த 2007 ஆய்வில் புதிய முறிவுகள் 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்தன. சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும், பல் வேலை ஏதும் இருந்தால் முதலில் முடித்துக்கொள்ள வேண்டும். கிளினிக் தேதிக்குப் போகும்போது டாக்டர் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. இரும்புப் பெட்டியோடு வரும் ஸ்டிக்கரை ஆபரேஷன் குறிப்பில் ஒட்டியிருப்பார்கள், கம்பெனி, வகை, அளவு எல்லாம் அதில் இருக்கும். அதை ஃபோனில் படம் எடுத்து, ஒரு நகலும் வாங்கி வையுங்கள். பத்து வருஷம் கழித்து ஆணிக்குக் கீழே மறுபடி முறிந்து ஒரு பாட்டி வந்தார், பழைய ஆணியைக் கழற்ற எந்தச் சாவி பொருந்தும் என்று தெரியாமல் டாக்டர்கள் எக்ஸ்ரேயை வைத்து மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். மருமகள் வீட்டுக்குப் போய், பழைய மைலோ டின்னில் பிறப்புப் பத்திரத்தோடு மடித்து வைத்திருந்த தாளை எடுத்துவந்தார். மறுநாள் காலையிலேயே ஆபரேஷன் நடந்தது.